காலி வயிறு, இல்லாத பசி

ஏகாதசிக்கு விரதம் இருப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். காலையில் ஒரு காப்பியோடு சரி. பதினொரு மணிக்கே வயிறு கூப்பிட ஆரம்பித்துவிடும். ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தாளிப்பு வாசனை வந்தால் கண் இருட்டும். அதே மனிதர் காய்ச்சலில் படுத்தால் கதை தலைகீழ். மூன்று நாளாக அரைத் தம்ளர் கஞ்சிக்கு மேல் இறங்காது. “ரெண்டு வாயாவது சாப்பிடுங்களேன்” என்று வீட்டில் கெஞ்சுவார்கள். அவரோ “நாக்கு செத்துப்போச்சு, தட்டை எடுத்துட்டுப் போ” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

இரண்டு வேளையிலும் வயிறு காலிதான். சொல்லப்போனால் காய்ச்சல்காரரின் வயிறு இன்னும் காலி. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பு எரிக்கும் ஆற்றல் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய உடம்பு அது. நியாயப்படி அவருக்கல்லவா பசி கொல்ல வேண்டும்? ஏன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், திடீரென்று பசி மாறும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது ஓரளவு பிடிபடும். முதலில் கைவிட வேண்டியது, பசி வயிற்றில் இருக்கிறது என்ற எண்ணத்தை.

அந்த எண்ணத்துக்கு ஒருகாலத்தில் நல்ல சான்றும் இருந்தது. 1912ஆம் ஆண்டு ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற உடலியல் பேராசிரியரும் வாஷ்பர்ன் என்ற அவருடைய மாணவரும் ஒரு சோதனை செய்தார்கள். வாஷ்பர்ன் குழாயோடு கூடிய ஒரு ரப்பர் பலூனை விழுங்கினார். வயிற்றுக்குள் போன பிறகு அதில் காற்று ஊதப்பட்டது. இரைப்பை சுருங்கும்போதெல்லாம் பலூன் நெருக்கப்பட்டு, வெளியே சுழலும் காகிதத்தில் ஒரு மேடு விழும். பசி கிள்ளும்போதெல்லாம் வாஷ்பர்ன் ஒரு விசையை அழுத்துவார். மேடுகளும் விசை அழுத்தங்களும் ஒன்றாகவே விழுந்தன. பசி என்பது இரைப்பையின் சுருக்கமே என்று கேனன் முடிவு கட்டினார்.

முடிவு அழகாக இருந்தது. ஆனால் பாதிதான் சரி. நோயின் காரணமாக இரைப்பையை முழுவதுமாக அறுவை செய்து எடுத்துவிட்ட நோயாளிகள் இருந்தார்கள். அப்படி ஒருவரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவருக்கும் பசி உணர்வு இருப்பதை 1931இல் எழுதி வைத்தார்கள். சுருங்குவதற்கு இரைப்பையே இல்லாதவருக்குப் பசி எங்கிருந்து வந்தது? வாஷ்பர்ன் உணர்ந்தது பசியின் ஓசையை மட்டும்தான். கல்யாண வீட்டுச் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது என்பதற்காக, பாத்திரம்தான் சமைக்க முடிவெடுத்தது என்று சொல்ல முடியாதே.

முடிவெடுப்பவரைத் தேடியவர்கள் மூளைக்குப் போனார்கள். மூளையின் அடிப்பாகத்தில், மூக்கின் வேருக்கு நேர் பின்னால், பாதாம் பருப்பளவில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. 1940இல் அமெரிக்காவில் ஹெதரிங்டன், ரான்சன் இருவரும் எலியின் ஹைப்போதலாமஸில் நடுப்பக்கமாகச் சிறு காயம் உண்டாக்கினார்கள். எலி உப்பிப் பெருத்தது. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் ப்ரோபெக் என்பவரோடு பணியாற்றிய இந்திய உடலியலாளர் பால் கிருஷண் ஆனந்த், அதே பகுதியின் பக்கவாட்டில் காயம் செய்து பார்த்தார். அந்த எலிகள் தின்பதையே நிறுத்திவிட்டன. முகத்துக்கு முன் தீனி குவிந்து கிடந்தும் பட்டினியில் செத்தன. ஆனந்த் பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையைக் கட்டி எழுப்பினார். பசி ஆராய்ச்சியின் அடித்தளக் கற்களில் ஒன்றில் ஓர் இந்தியர் பெயர் இருப்பது நம் பாடப்புத்தகங்களில் போதிய அளவு சொல்லப்படாத செய்தி.

காயம் வெறும் கடுகளவு. அது தின்னும் ஆசையையே அழிக்கிறது என்றால் பசியின் கணக்கு அங்கேதான் நடக்கிறது. ஆனால் மண்டை ஓட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் மூளைக்கு, உடம்பில் இருப்பு எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

கல்யாண வீட்டையே மறுபடி எடுத்துக்கொள்வோம். தலைமைச் சமையல்காரர் அடுப்படியை விட்டு நகர்வதில்லை. உக்கிராணத்தில் அரிசி எத்தனை மூட்டை என்று போய்ப் பார்ப்பதில்லை. பந்தியில் எத்தனை இலை என்று எண்ணுவதுமில்லை. உக்கிராணத்திலிருந்து சீட்டு வரும், பந்தியிலிருந்து ஆள் ஓடி வருவான், வாசலிலிருந்து ஒரு தகவல் வரும். அவற்றை வைத்து அடுத்த உலை வைப்பதா வேண்டாமா என்று சொல்வார். உடம்பின் உக்கிராணம் கொழுப்பு. அங்கிருந்து மூளைக்குச் சீட்டு ஏதாவது வருகிறதா?

வருகிறது என்று காட்டிய சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. அதில் கண்ணாடிக் குடுவைகூடத் தேவைப்படவில்லை. சுண்டெலிகளும் பொறுமையும் தெளிவான தர்க்கமும் போதுமாக இருந்தன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் என்று ஒன்று உண்டு. 1949இல் அங்கே வளர்த்த சுண்டெலிகளில் ஒரு குண்டெலி பிறந்தது. ஓயாமல் தின்னும், சாதாரண எலியைப்போல் மூன்று மடங்கு எடை போடும். பரம்பரைக் கோளாறு என்று தெரிந்தது. 1960களின் நடுவில் இன்னொரு வகைக் குண்டெலியும் கிடைத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பழுதான மரபணு மட்டும் வேறு வேறு. முதல் வகையை ‘குண்டன்’ என்றும் இரண்டாம் வகையை, அதற்கு நீரிழிவும் இருந்ததால், ‘இனிப்பன்’ என்றும் வைத்துக்கொள்வோம்.

டக்ளஸ் கோல்மன் என்ற உயிர்வேதியியலாளர் இரண்டு எலிகளின் விலாப்பக்கத் தோலைச் சேர்த்துத் தைத்து, ஒன்றின் இரத்தத்தில் சிறிதளவு மற்றதன் உடம்பிலும் ஓடும்படி செய்தார். இதை உடலொட்டு என்று சொல்லலாம். மாமரத்தில் ஒட்டுப்போடுவதைப் போலத்தான். நரம்புகள் சேராது, இரத்தம் மட்டும் கலக்கும். ஆகவே ஒரு எலியின் நடத்தை மற்றதை மாற்றினால், காரணம் இரத்தத்தில் மிதந்து போன ஏதோ ஒரு பொருளாகத்தான் இருக்க வேண்டும்.

இனிப்பனைச் சாதாரண எலியோடு ஒட்டினார். இனிப்பன் எப்போதும்போலத் தின்றது. சாதாரண எலியோ தின்பதை நிறுத்தி, மெலிந்து, பட்டினியில் இறந்துபோனது. அப்படியானால் இனிப்பனின் இரத்தத்தில் ‘போதும்’ என்ற செய்தி வெள்ளமாக ஓடுகிறது. இனிப்பனுக்கு மட்டும் அது கேட்கவில்லை. பக்கத்து எலிக்குக் கேட்டுவிட்டது. அடுத்து குண்டனைச் சாதாரண எலியோடு ஒட்டினார். சாதாரண எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டன் கொஞ்சம் குறைவாகத் தின்றது. கடைசியாகக் குண்டனையும் இனிப்பனையும் ஒட்டினார். இரண்டும் பெருந்தீனிக்காரர்கள். ஆனால் குண்டன் மட்டும் தின்பதை நிறுத்தி மெலிந்தே போனது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். குண்டனுக்குக் காது இருக்கிறது, வாய் இல்லை: ‘போதும்’ என்ற செய்தியைத் தானே தயாரிக்க முடியாது, வேறு எலி அனுப்பினால் கேட்கும். இனிப்பனுக்கு வாய் இருக்கிறது, காது இல்லை. அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்காமல், பெயர்கூடத் தெரியாமல், 1973இலேயே கோல்மன் இவ்வளவையும் சொல்லிவிட்டார். பலர் நம்பவில்லை. குண்டாக இருப்பது மனக்கட்டுப்பாடு இல்லாததால் வருவது என்பதே அன்றைய பொதுக்கருத்து. இன்றும் நம் வீடுகளில் அதுதானே கருத்து.

இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1994இல், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு குண்டனின் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தது. அது கொழுப்புச் செல்கள் தயாரிக்கும் ஒரு ஹார்மோனுக்கான குறிப்பு. மெலிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நாம் உக்கிராணச் சீட்டு என்றே நினைவில் வைத்துக்கொள்ளலாம். கொழுப்பு நிறைய இருந்தால் சீட்டும் நிறைய வரும். கொழுப்பு கரைந்தால் சீட்டு குறையும். மூளை பதறிப்போய்ப் பசியைக் கூட்டும். ஓரிரு ஆண்டுகளிலேயே இனிப்பனிடம் பழுதாகியிருந்தது அந்தச் சீட்டை வாங்கும் ஏற்பி என்பதும் தெரிந்தது. கோல்மன் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

எலிக் கதை மனிதருக்குப் பொருந்துமா? பொருந்தும் என்று காட்டியவர்கள் இரண்டு குழந்தைகள். இங்கிலாந்தில், பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். எட்டு வயதுப் பெண் 86 கிலோ. இரண்டு வயதுக் குழந்தை 29 கிலோ. பிறந்தபோது எடை இயல்பாகத்தான் இருந்தது. சில மாதங்களில் தொடங்கிய பசி பிறகு அடங்கவே இல்லை. கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ’ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு 1997இல் சோதித்தபோது, இருவர் இரத்தத்திலும் லெப்டின் அநேகமாக இல்லை. பெண்ணுக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். அப்போது அவள் எடை 94 கிலோவைத் தாண்டியிருந்தது. ஒரே ஆண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. அதைவிட முக்கியம், சிகிச்சை தொடங்கியதும் அவள் சாப்பிடும் அளவு குறைந்ததுதான். மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்ற பெண்ணுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தீராத ‘யானைத்தீ’ என்ற பசிநோய் வருகிறது. அமுதசுரபிச் சோறு உண்டதும் அது தணிகிறது. சாபம் என்று காப்பியம் காரணம் சொல்கிறது. அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தார் ஏதேதோ காரணம் சொல்லியிருப்பார்கள். இரத்தத்தில் ஒரு புரதம் இல்லாததுதான் காரணம் என்று தெரிந்த நாள் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்படி லெப்டினே இல்லாமல் பிறப்பவர்கள் உலகில் மிக மிகச் சிலர். பருமனான பெரும்பாலோருக்கு இரத்தத்தில் லெப்டின் ஏராளமாகவே இருக்கிறது. மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. அதனால் லெப்டின் ஊசி எல்லாருக்குமான மருந்தாகவில்லை.

உக்கிராணச் சீட்டு மாதக் கணக்கு பேசுவது. வேளைக்கு வேளை வரும் பசிக்கு வேறு தூதர்கள். இரைப்பை காலியாகும்போது க்ரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா இருவரும் கண்டுபிடித்தது. இலை போட்டாயிற்று என்று கூவுகிற பந்திக்காரன் இவன். சாப்பாட்டு நேரத்துக்கு முன் க்ரெலின் ஏறும்; சாப்பிட்டதும் இறங்கும். வேடிக்கை என்னவென்றால், சாப்பிடாவிட்டாலும் வழக்கமான நேரம் தாண்டியதும் ஓரளவு தானே இறங்கிவிடுகிறது. “ரெண்டு மணி வரைக்கும்தான் கஷ்டம், அப்புறம் பழகிடும்” என்று விரதக்காரர்கள் சொல்வது வெறும் மனத்திடம் மட்டும் இல்லை. பந்திக்காரன் கூவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். குடலிலிருந்து ஜிஎல்பி-1 போன்ற ‘போதும்’ தூதர்களும் கிளம்புகிறார்கள். இப்போது பரவலாகப் பேசப்படும் செமாகுளூடைட் ஊசி இந்தத் தூதரின் நகல். உடம்பு தயாரிக்கும் ஜிஎல்பி-1 இரத்தத்தில் சில நிமிடங்களுக்குமேல் நிற்பதில்லை. நகல் நாள்கணக்கில் நிற்கிறது. அதனால்தான் வாரம் ஒரு ஊசி போதும். அதனால்தான் அந்த ஊசியைத் தொடங்கியவர்கள், சாப்பாட்டைப் பற்றிய நினைப்பே திடீரென்று அடங்கிவிட்டது என்கிறார்கள்.

தூக்கமும் இந்தக் கணக்கில் கை வைக்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் பன்னிரண்டு ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, க்ரெலின் 28 சதவீதம் கூடியது, பசி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதிகரித்தது. இரவுப் பணிக்கு மாறியவருக்கோ, கைக்குழந்தையோடு விழித்திருக்கும் தாய்க்கோ பசி திடீரென்று கூடினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் படுக்கைதான்.

இதுவரை பார்த்ததெல்லாம் இருப்புக் கணக்கு. அது மட்டும்தான் உண்மை என்றால் காய்ச்சல்காரருக்குப் பசித்திருக்க வேண்டும். ஆகவே இன்னொரு வழி இருக்க வேண்டும். இருப்பைப் பற்றிக் கவலைப்படாமல், அடுப்பை அணை என்று உத்தரவு போடும் வழி.

மூளையில் ஓடும் இரத்தக் குழாய்கள் பொதுவாகக் கறாரானவை. கண்டதையும் உள்ளே விடமாட்டா. ஆனால் பிடரிக்கு உள்ளே, பின்மூளையின் ஓரத்தில், இந்தக் காவல் இல்லாத ஒரு சிறு இடம் இருக்கிறது. இரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கத் திறந்து வைத்த சாளரம் அது. விஷம் என்று பட்டால் குமட்டலையும் வாந்தியையும் கிளப்பும், உணவின்மேல் வெறுப்பை உண்டாக்கும். 2017இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரு செய்தியை வெளியிட்டன. ஜிடிஎஃப்-15 என்ற ஹார்மோனை வாங்கும் ஏற்பி இந்தச் சாளரத்திலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான் இருக்கிறது. உடம்பின் எந்த மூலையிலும் செல்கள் நெருக்கடியில் சிக்கினால் இந்த ஹார்மோனை வெளியிடும். அபாயச் சங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நீரிழிவுக்கு லட்சக்கணக்கானோர் விழுங்கும் மெட்ஃபார்மின்கூட இதன் அளவைக் கூட்டுகிறது. அந்த மாத்திரை தொடங்கிய புதிதில் சிலருக்குச் சோற்றைக் கண்டாலே பிடிக்காமல் போகும். மாத்திரை குடலுக்குச் செய்யும் தொந்தரவுகளோடு இந்தச் சங்குக்கும் அதில் பங்கிருக்கலாம்.

இந்தச் சங்கு மிக உரக்க ஊதப்படும் காலம் ஒன்று உண்டு. நம் பெண்கள் அதற்கு மசக்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திடீர்ப் பசிமாற்றத்துக்கு இதைவிட எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் கிடையாது. நேற்றுவரை பிடித்த காப்பி வாசனை இன்று குமட்டும். சாதம் கொதிக்கும் வாசனையில் ஓடிப்போய் வாந்தி எடுப்பார்கள். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்தில் தணியும். சிலருக்குத் தண்ணீர்கூடத் தங்காமல் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றும். அமெரிக்க மரபியலாளர் மார்லீனா ஃபெய்ஸோவுக்கு 1999இல் அப்படித்தான் முற்றியது; வயிற்றுக் குழந்தையை இழந்தார். அவருடைய வேதனையை அப்போது யாரும் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. அதன்பின் அவர் தன் ஆராய்ச்சியையே இந்தப் பக்கம் திருப்பினார். கடும் மசக்கை கண்ட பெண்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது கை காட்டியது ஜிடிஎஃப்-15தான்.

2023 டிசம்பரில் அவரும், லெப்டின் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த அதே ஓ’ராஹிலியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. கருவும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து இந்த ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் கொட்டுகின்றன. கர்ப்பத்துக்கு முன் யாருடைய இரத்தத்தில் இது மிகக் குறைவாக இருந்ததோ, அவர்களுக்குத்தான் கடும் மசக்கை. பழகாத காதில் சங்கு ஊதியதுபோல. இதற்கு அழகான எதிர்ச்சான்றும் கிடைத்தது: பீட்டா தலசீமியா என்ற இரத்த நோய் உள்ள பெண்களுக்கு இந்த ஹார்மோன் எப்போதுமே மிகுதி. அவர்களில் மிகச் சிலருக்கே மசக்கை வாந்தி வந்திருந்தது. எங்கள் வீட்டுப் பாட்டிகள் “ஒண்ணுமில்ல, எல்லாரும் பெத்துக்கலையா” என்று சொல்லிவிட்டுப் போனதை நினைத்துக்கொள்கிறேன். எல்லாரும் பெற்றுக்கொண்டார்கள், எல்லார் காதும் ஒன்றாக இல்லை.

இப்போது காய்ச்சல்காரரிடம் திரும்பலாம். கிருமி நுழைந்ததும் நோய்த்தடுப்புச் செல்கள் சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. இவை வேகஸ் என்ற நரம்பு வழியாகவும் இரத்தம் வழியாகவும் மூளையை எட்டி ஒரே மூச்சில் பல உத்தரவுகளைப் பிறப்பிக்கின்றன: வெப்பத்தைக் கூட்டு, படுத்துக்கொள், யாரோடும் பேசாதே, சாப்பிடாதே. இது உடம்பு கெட்டுப்போனதன் விளைவு என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1988இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவர் வேறு மாதிரி சொன்னார். பசுவோ நாயோ மனிதனோ, நோயுற்ற விலங்குகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. ஆகவே இது பழுது இல்லை, உடம்பு திட்டமிட்டு எடுக்கும் போர்முறை என்றார்.

அதைச் சோதிக்க முடியுமா? 1979இலேயே ஒரு சோதனை நடந்திருந்தது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றிய எலிகளுக்கு இயல்பான அளவு உணவைக் குழாய் வழியே கட்டாயமாக ஊட்டினார்கள். ஊட்டப்பட்ட எலிகளே அதிகம் செத்தன. 2016இல் யேலில் ருஸ்லான் மெட்ஸிடோவின் குழு இதை மறுபடி செய்து ஒரு படி மேலே போனது. லிஸ்டீரியா எலிகளுக்குக் குளுக்கோஸ் மட்டும் கொடுத்தாலே சாவு கூடியது. ஆனால் ஃப்ளூ வைரஸ் தொற்றிய எலிகளுக்கு அதே குளுக்கோஸ் உயிர் காத்தது. நோய்க்கு நோய் நியாயம் வேறு.

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்ற சொலவடை பாதிச் சரி என்று இதை வைத்துச் சொல்லலாம். எலி மனிதன் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். குழந்தைகளிடத்தில் இந்தச் சொலவடையைப் பிரயோகிக்கவே கூடாது. அவர்கள் உடம்பின் உக்கிராணம் சின்னது. காய்ச்சலிலும் பேதியிலும் தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்துவது ஆபத்து. பெரியவருக்குத் தண்ணீரும் கஞ்சியும் இறங்கினால் போதும், திணிக்க வேண்டியதில்லை. காய்ச்சல் விட்ட இரண்டு மூன்று நாளில் “ரசம் சாதம் இருக்கா?” என்ற குரல் தானே கேட்கும். சைட்டோகைன்கள் அடங்கிவிட்டன என்பதன் அறிகுறி அது.

அப்படிக் கேட்காமல் வாரங்கள் ஓடினால்தான் கவலைப்பட வேண்டும். பசி மாறியது என்று வரும் நோயாளியிடம் நல்ல மருத்துவர்கள் முதலில் கேட்பது எடையைத்தான். பசியும் எடையும் ஒரே திசையில் போகின்றனவா, எதிரெதிரா?

நிறையத் தின்றும் உடம்பு கரைந்தால் காரணங்களின் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். முதலாவது நீரிழிவு, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் முதல் வகை. இன்சுலின் இல்லாததால் இரத்தத்தில் சர்க்கரை வழிகிறது, செல்களுக்குள் போவதில்லை. கொழுப்பு கரையக் கரைய உக்கிராணச் சீட்டு நின்றுபோகிறது. மூளைக்கு வீட்டில் பஞ்சம் என்றே தெரிகிறது. தாகமும் அடிக்கடி சிறுநீரும் கூடவே இருந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். இரண்டாவது தைராய்டு மிகையாகச் சுரப்பது. அடுப்பை முழுவதும் திறந்துவிட்டதுபோல உடம்பு எரிக்கும். படபடப்பு, கைநடுக்கம், வெக்கை தாங்காமை. ஆனால் வயதானவர்களிடம் இதே தைராய்டு மிகை, பசியைக் குறைத்து, சோர்வாக வேஷம் போட்டு வரும். ஏமாந்துவிடக் கூடாது.

பசியும் எடையும் சேர்ந்து ஏறினால், புதிதாக என்ன மருந்து என்று கேட்க வேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டு நோய்க்கும் தரும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள், ஓலான்சபின் போன்ற மனநல மருந்துகள் எல்லாம் பசியைக் கிளறிவிடும். பயந்துபோய் அவற்றைத் தாமாகவே நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து; ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குழந்தை சாப்பிடவில்லை என்று கடையில் கேட்டு வாங்கும் ‘பசி டானிக்’ பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்து. மூளையில் பசியை அடக்கும் சில தூதர்களின் வாயை அடைப்பதால் பசி எடுக்கிறது, தூக்கமும் வருகிறது. குழந்தை ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

பசியும் எடையும் சேர்ந்து இறங்கும் கூட்டம்தான் பெரியது. நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய்மேல் போக வேண்டும்: இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, கூடவே பசியின்மை. கல்லீரல் அழற்சியில் கண் மஞ்சளாவதற்குச் சில நாள் முன்பே உணவு வெறுத்துப்போகும். பீடி, சிகரெட் பழக்கமுள்ளவர் திடீரென்று அதுவும் பிடிக்கவில்லை என்பார். பழைய மருத்துவர்கள் இதை வைத்தே காமாலையை ஊகித்துவிடுவார்கள். சிறுநீரகம் பழுதாவது, இரைப்பைப் புண், புற்று என்று இன்னும் இருக்கின்றன. சில வேளை பழுது மூக்கில் இருக்கும். ‘நாக்கு செத்துப்போச்சு’ என்கிறோம். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாசனை. கோவிட் காலத்தில் சாம்பாருக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாமல் தவித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மனமும் இதே தூதர்களைத்தான் பயன்படுத்துகிறது. துக்க வீட்டில் சோறு இறங்காதது, அதிர்ச்சியின்போது மூளை வெளியிடும் ஒரு ஹார்மோன் பசியை நேரடியாக அடக்குவதால். மாதக்கணக்கில் நீளும் மனஅழுத்தத்தில் வேறொரு ஹார்மோனான கார்டிசால் பலருக்குப் பசியைக் கூட்டும். மனச்சோர்வில் சிலர் தட்டைத் தொடமாட்டார்கள். சிலர் நள்ளிரவில் எழுந்து தின்பார்கள். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். “வயசாச்சு, இனிமே அவ்வளவுதான் சாப்பிடுவாங்க” என்று நாம் கடந்துபோகும் இடத்தில்தான் நிறைய நோய்கள் ஒளிந்துகொள்கின்றன. வயதானால் பசி கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடப்பது. ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் முயற்சி எதுவும் இல்லாமல் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆனால், வயதின்மேல் பழி போடக் கூடாது. சில சமயம் விடை எளிமையானது: பொருந்தாத பல்செட், மலச்சிக்கல், ஒன்றோடொன்று மோதும் எட்டு மாத்திரைகள், தனியாகச் சாப்பிட உட்காரும் மேசை.

இன்னொரு மாற்றம் அளவில் இல்லை, பொருளில். பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லும் பெண்பிள்ளைகளை எல்லாருக்கும் தெரியும். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று கேலி செய்துவிட்டுப் போவோம். விபூதி, அடுப்புச் சாம்பல், செங்கல் பொடி, ஐஸ்கட்டி என்று தேடுபவர்களும் உண்டு. பலருக்கு இது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். இரும்பு மாத்திரை தொடங்கியபின், இரத்தச் சோகை முழுதாகச் சரியாவதற்கு முன்பே, ஐஸ் மெல்லும் வெறி மறைந்துவிடுவதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். இரும்பு குறைந்த மூளை ஏன் இந்தப் பொருள்களைக் கேட்கிறது என்பது இன்னும் விளங்காத புதிர். புதிர் விளங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்யலாம். மழையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

புற்றுநோயாளிகளின் வீடுகளில் நடக்கும் ஒரு போராட்டம் எனக்கு மறக்க முடியாதது. பிடித்ததையெல்லாம் சமைத்துக்கொண்டு வந்து வைப்பார்கள். நோயாளி ஒரு கவளத்தோடு தட்டைத் தள்ளுவார். “எனக்காக இன்னும் ஒரு வாய்” என்று மனைவியோ மகளோ அழுவார்கள். அவருக்கும் சாப்பிட வேண்டும் என்றுதான் இருக்கும், முடியாது. புற்றின் முற்றிய நிலையில் பசி போய், தசையும் கொழுப்பும் உருகும் இந்த நிலையை உடலுருக்கம் என்று சொல்லலாம். இப்படி உருகுபவர்கள் பலரின் இரத்தத்தில் மிகுந்து கிடப்பது மசக்கையில் பார்த்த அதே ஜிடிஎஃப்-15. அதே சங்கு, அதே சாளரம்.

சங்கின் வாயை அடைத்தால்? அந்த ஹார்மோனைப் பிடித்துக் கட்டிவைக்கும் பொன்செக்ரோமாப் என்ற எதிர்ப்புரதத்தை 187 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவுகள் 2024இல் வெளியாயின. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பன்னிரண்டு வாரங்கள் கழித்து உறைகளைப் பிரித்துப் பார்த்தபோது, அதிக அளவு மருந்து பெற்றவர்கள் மருந்தில்லாத ஊசி பெற்றவர்களைவிடச் சராசரியாக 2.8 கிலோ எடை கூடுதலாக இருந்தார்கள். அவர்களுக்குப் பசியும் கூடியிருந்தது. எழுந்து நடமாடுவதும் கூடியிருந்தது. அவர்களில் பலரிடம் “இன்னும் ஒரு வாய்” என்று கெஞ்சுவது அந்த வாரங்களில் கொஞ்சமாவது குறைந்திருக்கும்.